முதல் அரை மாரத்தான்: பாதையைப் பார்த்துத் தயாராவது எப்படி

அரை மாரத்தான் ஓட ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் காலணியைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நான் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊரில், எந்த மாதத்தில் ஓடப்போகிறீர்கள் என்பதுதான். 21.0975 கிலோமீட்டர் என்பது எல்லா ஊரிலும் ஒரே தூரம். ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் ஓடும் 21, ஹைதராபாத் மேம்பாலங்களில் ஏறி இறங்கும் 21, ஆரோவில்லின் செம்மண் பாதையில் ஓடும் 21 மூன்றையும் என் கால்கள் ஒன்று என்று ஒத்துக்கொள்ளவே மாட்டா.

நான் ஓடத் தொடங்கியது 2017இல், 36 வயதில். பள்ளிக்கூட நாள்களில்கூட ஓட்டப் பந்தயத்தில் நின்றதில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் அரை மாரத்தான், 2019இல் ஆரோவில்லும் ஹைதராபாத்தும், 2023இல் மும்பையில் முழு மாரத்தான். இடையில் கோவையிலும் ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாடம் கிடைத்தது. அவற்றைப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஓட்டம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சொந்தக் கட்டிலில் தூங்கி, பழகிய சாப்பாட்டைச் சாப்பிட்டு, பழகிய கழிவறையைப் பயன்படுத்திவிட்டுக் கிளம்புவது எவ்வளவு பெரிய வசதி என்பது வெளியூரில் ஓடும்போதுதான் தெரியும். சென்னையில் இருப்பவருக்கு ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தான் இருக்கிறது. மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்களுக்குக் கோவை மாரத்தான் நல்ல தொடக்கம். கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடக்கும் ஓட்டம் அது. கோவையின் காலைக் காற்று சென்னையைவிட எவ்வளவோ இதமானது. லடாக் மாரத்தானின் படங்களைப் பார்த்து மயங்கி அதையே முதல் ஓட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்கவே பல நாள்கள் முன்னதாகப் போய்த் தங்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் அறிவிப்பில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, கட்-ஆஃப் நேரம் எவ்வளவு, பாதை தார்ச் சாலையா மண்ணா, ஏற்றம் எவ்வளவு. கட்-ஆஃப் என்பது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம். அது 3 மணி நேரம் என்றால் நீங்கள் கிலோமீட்டருக்குச் சராசரியாக 8 நிமிடம் 32 நொடிக்குள் போக வேண்டும். இப்போது 5 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் முடிக்கிறவராக இருந்தால், மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தருகிற ஓட்டமாகத் தேடுங்கள். நேரம் கடந்தவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி பின்னால் வந்துகொண்டிருக்கிறதே என்ற பயத்தோடு முதல் ஓட்டத்தை ஓடக்கூடாது.

தொடங்கும் நேரமும் முக்கியம். சென்னையில் காலை 7 மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். 5 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்துக்கும் 6 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் மிக அதிகம். வேகமானவர் இரண்டு மணி நேரத்தில் நிழலுக்குப் போய்விடுவார். நாமோ வெயிலில் இன்னும் ஒரு மணி நேரம் இருப்போம்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

16 வாரப் பயிற்சி

நிற்காமல் 4, 5 கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிகிறவருக்கு 16 வாரம் போதும். அதுகூட முடியாதவர்கள் முதலில் இரண்டு மாதம் நடையும் ஓட்டமுமாகப் பழகிவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் மிக நீண்ட ஓட்டம்தான் இந்தப் பயிற்சியின் முதுகெலும்பு. நான் பின்பற்றிய தூரங்கள், வார வரிசையில், கிலோமீட்டரில்: 5, 6, 7, 5, 8, 9, 10, 7, 12, 13, 14, 10, 16, 18, 12, பதினாறாவது வாரம் ஓட்டம். நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் தூரம் இறங்குவதைக் கவனித்தீர்களா? அந்த இறக்கத்தில்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நன்றாக இருக்கிறதே என்று அந்த வாரங்களில் கூட்டி ஓடாதீர்கள். பயிற்சியில் 21 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 18 ஓடிய கால்கள் ஓட்ட நாளின் கூட்டத்தோடு 21 போய்விடும்.

வார நாள்களில் இரண்டு அல்லது மூன்று முறை 4 முதல் 6 கிலோமீட்டர். ஒரு நாள் உடற்பயிற்சி: உட்கார்ந்து எழுவது, நுனிக்காலில் எழும்பி நிற்பது, முழங்கைகளை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க். 20 நிமிடம் போதும். முதல் ஆறு மாதம் நான் இதைச் செய்யவில்லை. முழங்காலின் வெளிப்பக்க வலியோடு மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தபோது பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

வேகம் பற்றிக் கவலையே வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் பேசினால் அதிகம் என்று அர்த்தம். ஓடி நடந்து, ஓடி நடந்து போகும் முறையும் நல்ல முறைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளலாம். களைத்துப் போன பிறகு நடப்பது வேறு, முதல் கிலோமீட்டரிலிருந்தே கணக்காக நடப்பது வேறு. இரண்டாவதுதான் பலன் தரும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜனவரி ஓட்டத்திலிருந்து 16 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுப்பகுதி வரும். அதாவது நம் லாங் ரன்கள் எல்லாம் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். தூறலில் ஓடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் கால் வைக்காதீர்கள். அடியில் பள்ளமோ மூடி இல்லாத மழைநீர் வடிகாலோ இருப்பது தெரியாது. அந்த நாள்களில் நான் அடுக்குமாடிப் படிகளில் 30 நிமிடம் ஏறி இறங்குவேன். ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். விட்டது விட்டதுதான்.

முடிந்தால் ஒரு குழுவில் சேருங்கள். சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பகுதிவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. பல ஊர்களில் இப்படிக் குழுக்கள் காலையில் பூங்காவிலோ மைதானத்திலோ கூடுகின்றன. இருட்டில் நாலரை மணிக்குத் தனியாக ஓட எந்தப் பெண்ணுக்கும் தயக்கம் இருக்கும், எனக்கும் இருந்தது. குழு கிடைத்த பிறகுதான் என் லாங் ரன்கள் விடாமல் நடந்தன.

காலணியைப் பற்றி இரண்டு வரி போதும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்கும் ஜோடியாக வாங்குங்கள். புதுக் காலணியோடு ஓட்டத்துக்குப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு லாங் ரன்களாவது அதில் ஓடியிருக்க வேண்டும். பெண்கள் காலணிக்குக் கொடுக்கும் கவனத்தை ஸ்போர்ட்ஸ் பிராவுக்கும் கொடுங்கள். சரியாகப் பொருந்தாத பிரா 10 கிலோமீட்டருக்கு மேல் தோலை அறுத்துவிடும். பட்டை பதியும் இடத்திலும், அக்குளிலும், தொடைகளுக்கு நடுவிலும் வாஸ்லைன் தடவிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மார்புக்காம்பில் ரத்தம் கசிவது சகஜம். ஒரு பிளாஸ்டர் ஒட்டினால் தீர்ந்தது.

சாப்பாடு, தண்ணீர், உப்பு

என் முதல் ஓட்டத்தில் நான் தப்பு செய்தது இங்கேதான். சென்னை ஜனவரி குளிர் மாதம் என்று நம்பிவிட்டேன். வெப்பம் குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். அதனால் வியர்வை உலராமல் உடம்பிலேயே வழிந்துகொண்டிருக்கும். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். 15ஆவது கிலோமீட்டரில் என் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. பயந்துபோய், எய்ட் ஸ்டேஷன் என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் தண்ணீர்ப் பந்தல் வரும்போதெல்லாம் நின்று முழு டம்ளர் குடித்தேன். 17க்கு மேல் வயிறு குலுங்கி, தலை வலித்து, குமட்டலோடுதான் முடித்தேன்.

தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, மிக அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து. வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகம் எடுக்கும்போது சில வாய் குடியுங்கள். நேரம் போகப் போக ஓஆர்எஸ் கரைசலுக்கு மாறுங்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொடியை அரை லிட்டரில் கலந்து குடித்தால் வயிறு கலங்கிவிடும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது சுகம்தான், ஆனால் குனிந்து ஊற்றுங்கள். வழிந்து காலணிக்குள் போனால் சாக்ஸ் நனைந்து கொப்புளம் வரும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். கடையில் விற்கும் ஜெல் வசதியானது, ஆனால் எல்லார் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்குக் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம்தான் சரியாக வருகிறது. கடலை மிட்டாய் பிடிக்கும், ஆனால் ஓடிக்கொண்டே மென்று விழுங்குவது கஷ்டம். எதுவாக இருந்தாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகியதைத்தான் ஓட்ட நாளில் சாப்பிட வேண்டும்.

வலி மாத்திரை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னெச்சரிக்கையாக ஒரு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருந்தால் அன்றைக்கு ஓட வேண்டாம்.

கடைசி வாரம்

கடைசி வாரத்தில் புதிதாக எந்த பலமும் சேராது. களைப்பை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு சிறிய ஓட்டங்கள், நிறையத் தூக்கம், அவ்வளவுதான். ஓட்டத்துக்கு முந்தைய இரவு யாருக்கும் நன்றாகத் தூக்கம் வராது. அதற்கு முந்தைய இரவு தூங்கிவிடுங்கள்.

பிப் எனப்படும் எண் அட்டையைப் பெரும்பாலான ஓட்டங்களில் ஓட்ட நாளன்று தரமாட்டார்கள். ஓரிரு நாள் முன்பே அடையாள அட்டையோடு போய் வாங்க வேண்டும். நேரத்தைக் கணக்கிடும் சிப் பொதுவாக அதன் பின்புறம் ஒட்டியிருக்கும், மடக்கிவிடாதீர்கள். பின்பக்கம் ரத்த வகையையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். அட்டையை முந்தைய இரவே சட்டையில் நான்கு ஊக்கு குத்தி மாட்டிவிடுங்கள். நகத்தை இரண்டு மூன்று நாள் முன்னதாக வெட்டுங்கள். முந்தைய நாள் வெட்டி ஆழமாகப் போய்விட்டால் ஒவ்வொரு அடியும் வலிக்கும்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். எனக்குத் தயிர்சாதம் அல்லது இட்லி. கீரை, பருப்பு, காரக்குழம்பு எல்லாம் மறுநாளைக்கு.

ஓட்ட நாள்

தொடங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்து, இரண்டு இட்லியோ பிரெட்டும் வாழைப்பழமுமோ சாப்பிடுங்கள். போக்குவரத்தை முன்பே தீர்மானியுங்கள். சாலைகளை மூடிவிடுவார்கள், ஆட்டோ பாதியில் இறக்கிவிடும். சென்னை மாரத்தானுக்காகச் சில ஆண்டுகளில் மெட்ரோ ரயிலை அதிகாலை 3 மணிக்கே இயக்கியிருக்கிறார்கள், அறிவிப்பைப் பாருங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் பையை ஒப்படைக்கவும் கழிவறை வரிசையில் நிற்கவும் நேரம் இருக்கும். அந்த வரிசை நீளமானது. பெண்கள் வரிசை இன்னும் நீளம். டிஷ்யூ தாள் கையில் இருக்கட்டும்.

வரிசையின் பின்பகுதியில் நில்லுங்கள். கொடி அசைந்ததும் எல்லாரும் பாய்வார்கள், பாட்டு முழங்கும், உடம்பு லேசாகத் தெரியும். அப்போது நீங்கள் பயிற்சி வேகத்தைவிடவும் மெதுவாக ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்பது உங்கள் வேகமானால் முதல் மூன்று கிலோமீட்டரை எட்டரையில் ஓடுங்கள். அதே 8 நிமிடச் சராசரியில் முழுதும் போனால் 2 மணி 49 நிமிடத்தில் முடிப்பீர்கள். இலக்கு நேரம் எழுதிய கொடியோடு ஓடும் பேசர்கள் இருந்தால் அவர்களோடு ஒட்டிக்கொள்ளலாம்.

கையில் சிறிய பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டத்தில் கடைசி இரண்டு தண்ணீர்ப் பந்தல்களிலும் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. வெயிலில் கடைசியாக வந்தவர்களுக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை, அவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து 250 மில்லி பாட்டில் இல்லாமல் நான் ஓடுவதில்லை.

கடிகாரம் 21.1 காட்டிய பிறகும் முடிவுக்கோடு வராவிட்டால் பதறாதீர்கள். பாதையை அளக்கும்போது வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டை அளப்பார்கள். நாம் அகலமாகச் சுற்றி ஓடுவோம். என் கடிகாரம் வழக்கமாக 21.3, 21.4 காட்டும்.

நெஞ்சு வலி, கண் இருட்டுவது, வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, எங்கே இருக்கிறோம் என்றே புரியாத குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நின்று பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். ஓட்டம் அடுத்த ஆண்டும் வரும்.

பாதை மாறினால்

ஹைதராபாத் மாரத்தான் ஆகஸ்டில் நடக்கும். வானம் மூடியிருக்கும், சென்னையிலிருந்து போகிறவருக்கு அந்தக் காற்றே ஒரு விருந்து. ஆனால் மேம்பாலம் முடிந்தால் அடுத்த மேம்பாலம். சென்னையில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள அடையாறு திரு.வி.க. பாலம் போன்ற சில மேடுகள்தான். அதனால் பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பழகிவிட்டுப் போனேன், அது கைகொடுத்தது. ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அடியைச் சிறிதாக்கி, மூச்சு அதே அளவில் இருக்கும்படி மெதுவாக ஏறுங்கள். இறக்கத்தில் பாய்ந்து இறங்கினால் தொடையின் முன்தசைகள் கிழிந்ததுபோல் வலிக்கும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் படி இறங்கும்போது தெரியும்.

ஆரோவில் வேறு உலகம். பிப்ரவரி விடியலில் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. யார் முதலில் வந்தார் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை, ஓடுகிற மகிழ்ச்சிக்காகத்தான் அந்த ஓட்டமே. மண்பாதை முழங்காலுக்கு மென்மையானது, கணுக்காலுக்குக் கடினமானது. வேரும் கல்லும் கண்ணில் படும்படி நாலடி முன்னால் பார்த்து ஓட வேண்டும். சாலையில் ஓடும் வேகம் இங்கே வராது, வர வேண்டியதும் இல்லை. நேரத்தை நினைத்தே பயப்படுகிற ஒருவருக்கு நான் இரண்டாவது ஓட்டமாகச் சொல்வது ஆரோவில்லைத்தான்.

முழு மாரத்தான் எப்போது?

அரை மாரத்தான் முடித்ததும் அடுத்த ஜனவரியில் முழுசு என்று தோன்றும். இரண்டு, மூன்று அரை மாரத்தான்களுக்குப் பிறகு போவது நல்லது. 42.195 கிலோமீட்டர் இரண்டு அரை மாரத்தான் இல்லை. தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு ஓட்டம் முற்றிலும் வேறு.

மும்பையில் எனக்கு அது நேர்ந்தது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு, சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தின் முன்னால் இருட்டில் தொடக்கம். பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தின் மேல் காற்று முகத்தில் அடித்தபோது கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். தெரிந்தும் குறைக்கவில்லை. 32இல் கால்கள் கல்லாகின. 35ஐத் தாண்டிய பிறகு பெட்டர் ரோடு ஏற்றம் வரும், அதை முழுக்க நடந்துதான் ஏறினேன். அந்த நகரத்து மக்களை என்னால் மறக்க முடியாது. வீட்டு வாசலில் நின்று உரித்த ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், சிக்கி என்று நீட்டிக்கொண்டே இருந்தார்கள். உப்புத் தூவிய ஒரு ஆரஞ்சுச் சுளையைச் சாப்பிட்ட பிறகுதான் மறுபடி ஓட முடிந்தது. 5 மணி 41 நிமிடம். முதல் பத்தை அடக்கி ஓடியிருந்தால் கடைசிப் பத்தில் நடந்திருக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், 10 நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். ஈரச் சட்டையை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். சிறுநீர் பழுப்பு நிறத்தில் போனால் மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் முழு ஓய்வு வேண்டாம், 20 நிமிடம் மெல்ல நடந்தால் தசைகள் இளகும். பத்து நாளுக்கு வேக ஓட்டமோ லாங் ரன்னோ கூடாது.

அன்று மாலையே ஒரு நோட்டில் எழுதுங்கள், இரண்டு நாளில் மறந்துபோகும். எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன சாப்பிட்டேன், எந்த கிலோமீட்டரில் கஷ்டம் தொடங்கியது, எங்கே தோல் அறுத்தது. என் நோட்டின் முதல் பக்கத்தில் 2018 சென்னை ஓட்டத்துக்கு இப்படி இருக்கிறது: "2:56. தண்ணீர் ரொம்ப அதிகம். உப்பு இல்லை. முதல் 5 வேகம். இடது அக்குள் எரிச்சல், வாஸ்லைன் மறந்தேன். 12 முதல் 15 வரை நன்றாக இருந்தது. அடுத்த ஞாயிறு 4 கிலோமீட்டர் மட்டும்."